புத்தகத்தில் தேனீ பிடிப்பது எப்படி?

இந்த மாதம் தபாலிலும் மின்னஞ்சலிலும் தேனீதான் மொய்க்கிறது. திருகோணமலைப் பக்கத்துப் பாடசாலைகள் சிலவற்றில் தேனீயைப் பற்றிச் செயற்றிட்டம் கொடுத்திருக்கிறார்கள் போல. பிள்ளைகள், ஒரு அம்மா, ஒரு ரீச்சர் என்று எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒன்றையே கேட்டிருக்கிறார்கள்: இதற்கெல்லாம் புத்தகம் எங்கே எடுப்பது? ஆகவே வழக்கமான சமையல் கேள்விகளுக்கும் காணிப் பிரச்சினைகளுக்கும் இந்த முறை விடுமுறை. ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

*

கேள்வி: அக்கா, நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். எங்கள் குழுவுக்கு "எமது பிரதேசத்துத் தேனீக்கள்" என்று செயற்றிட்டம். டவுன் நூலகத்தில் கேட்டேன். தேனீ வளர்ப்பு என்று ஒரு இந்தியப் புத்தகம் எடுத்துத் தந்தார்கள், அவ்வளவுதான். மிச்சத்தைக் கூகிளில் எடுக்கலாம் என்றால், குறைந்தது ஐந்து உசாத்துணையாவது புத்தகமாகவோ ஆய்வுக் கட்டுரையாகவோ இருக்க வேண்டும் என்று சேர் சொல்லிவிட்டார். எங்கே தேடுவது? — மாணவி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, தேடப் போவதற்கு முன்னால் குழுவாக இருந்து ஒரு விஷயத்தைத் தீர்மானியுங்கள்: எந்தத் தேனீ? உலகத்தில் தேனீயைப் பற்றி அச்சான புத்தகங்களில் பெரும்பாலானவை ஏபிஸ் மெல்லிபெரா என்கிற ஐரோப்பியத் தேனீயைப் பற்றியவை, அது எங்கள் காட்டுத் தேனீ இல்லை. இலங்கையில் எல்லா வகையும் சேர்த்தால் 150க்குக் கிட்ட இனங்கள் இருந்தாலும், ஏபிஸ் என்ற பேரினத்தில் வருகிற தேனீ இங்கே மூன்றுதான். மரப் பொந்திலும் புற்றிலும் அடை வைக்கிற, பெட்டியில் வளர்க்கக்கூடிய ஏபிஸ் செரானா ஒன்று. உயரமான கிளையிலும் பாறையிலும் ஒற்றை அடையைப் பெரிதாகத் தொங்கவிடுகிற ஏபிஸ் டோர்சாட்டா, அதாவது பெருந்தேனீ, இன்னொன்று. பற்றைக்குள் சின்னக் கொப்பைச் சுற்றிக் கையகல அடை கட்டுகிற ஏபிஸ் புளோரியா மூன்றாவது. கொட்டத் தெரியாத சிறு தேனீயும் இருக்கிறது, அது வேறு பேரினம், ஆனால் உங்கள் தலைப்பில் அதற்கும் இடம் உண்டு.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், "ஒரு கூட்டில் 60,000 தேனீக்கள் இருக்கும், வேலைக்காரத் தேனீ முட்டையிலிருந்து வெளியே வர 21 நாள்" என்று எழுதாத ஒப்படையே இல்லை. கணக்கு பிழையில்லை, ஆனால் அது ஐரோப்பாவில் கோடைகாலத்தில் நிரம்பி வழிகிற மெல்லிபெராக் கூட்டின் கணக்கு. எங்கள் செரானாக் கூடு அதில் ஒரு சிறு பங்குதான், வேலைக்காரத் தேனீயும் ஓரிரு நாள் முந்தியே வெளியே வந்துவிடும், பூ குறைந்தாலோ எறும்பும் அந்துப்பூச்சியும் தொல்லை கொடுத்தாலோ கூட்டை விட்டுவிட்டு எல்லாமாகக் கிளம்பி வேறு இடம் போய்விடுகிற குணமும் இதற்குக் கூடுதல். ஆகவே எந்தப் புத்தகம் கையில் வந்தாலும் முதலில் பின்பக்கச் சொல்லடைவில் செரானா என்று இருக்கிறதா என்று பாருங்கள். 1950களிலும் அதற்கு முந்தியும் வந்த நூல்கள் இதையே ஏபிஸ் இண்டிகா என்று சொல்லும், அதையும் சேர்த்துத் தேட வேண்டும். தமிழ்ப் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் இலத்தீன் பெயர்களை ஆங்கில எழுத்தில் சேரிடம் எழுதி வாங்கிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். தேடுகிற பெட்டியில் தட்ட வேண்டியது அதுதான்.

சரி, நூலகத்துக்கு வருவோம். "தேனீப் புத்தகம் இருக்கா?" என்று கேட்டால் அட்டையில் தேனீ என்று போட்ட புத்தகத்தைத்தான் எடுத்துத் தருவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பொது நூலகங்களில் பெரும்பாலும் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்குகிற டூயி பகுப்பு முறை, அதில் தேனீ ஒரே இடத்தில் இருப்பதில்லை. தேனீ வளர்ப்பு 638.1இல், விவசாயத்தோடு நிற்கும். தேனீ என்கிற பூச்சி 595.799இல், விலங்கியலோடு நிற்கும். இரண்டு இறாக்கைக்கும் நடுவில் மருத்துவம் முழுவதும் கிடக்கிறது, ஆகவே 638.1இல் ஒன்றைக் கண்டவுடன் வீட்டுக்கு வந்தால் பாதிதான் பார்த்திருக்கிறீர்கள். புத்தக முதுகில் ஒட்டிய சீட்டை வாசித்தபடி 595.7 வரிசை முழுக்க நடந்து பாருங்கள். பூச்சிகள் என்று பொதுவாகப் பெயர் போட்ட தடித்த புத்தகத்துக்குள் தேனீக்கு ஒரு முழு அத்தியாயம் இருக்கும், அது பட்டியலில் தேனீ என்று பதிவாகியிருக்காது. இரவல் பகுதியோடு நிற்காமல் உசாத்துணைப் பகுதிக்கும் போங்கள். வீட்டுக்குத் தரமாட்டார்கள் என்றாலும் வேண்டிய பக்கத்தைப் போட்டோக் கொப்பி எடுக்கலாமா என்று கேட்கலாம். நூலகரிடம் கேட்கும்போது "செரானாத் தேனீ எங்கள் பக்கம் எந்த மாதத்தில் அடை வைக்கும் என்று தேடுகிறேன்" என்று முழுக் கேள்வியையும் சொல்லுங்கள். அப்படிக் கேட்டால் அவருக்கும் எந்த இறாக்கைக்குப் போவது என்று பிடிபடும்.

அந்த இந்தியப் புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டாம். கன்னியாகுமரிப் பக்கம், மார்த்தாண்டம் பகுதியில் பெட்டித் தேனீ வளர்ப்பு பழைய தொழில், அங்கே காலம்காலமாகப் பெட்டியில் இருந்ததும் செரானாதான். உடலமைப்பு, பெட்டி, இராணியைக் கண்டுபிடிப்பது, அடையைப் பிரித்து வைப்பது என்பதெல்லாம் அப்படியே பொருந்தும். பொருந்தாதது நாட்காட்டி. அங்கே தேன் இறங்குவது இறப்பர்த் தோட்டங்களை நம்பி, மாசி பங்குனியை ஒட்டி. எங்களுக்கு ஐப்பசியில் பிடித்து மார்கழி, தை வரைக்கும் மழை, காடு பாலையும் வீரையும், இறப்பர் என்ற பேச்சே இல்லை. அந்தப் புத்தகத்தின் மாத அட்டவணையை அப்படியே எடுத்து "எமது பிரதேசம்" என்று தலைப்புப் போட்டால் சேர் முதல் வேலையாக அதைத்தான் பிடிப்பார்.

இனி இலங்கைச் சரக்கு. புஞ்சிஹேவா என்பவர் எழுதி, விவசாயத் திணைக்களம் 1994இல் பேராதனையில் வெளியிட்ட தேனீ வளர்ப்பு நூல் ஒன்று ஆங்கிலத்தில் இருக்கிறது. செரானாவை எங்கள் பருவமழைக்குள் வைத்து எழுதியது, உங்கள் தலைப்புக்கு இதைவிட நெருக்கமான புத்தகம் கிடைப்பது கஷ்டம். அடுத்து மார்ட்டின் லிண்டாவர். பூ இருக்கிற இடத்தை மற்றத் தேனீக்களுக்குச் சொல்லத் தேனீ ஆடுகிற நடனத்தை விளங்கிக்கொண்டதற்காக 1973இல் நோபல் பரிசில் பங்கு பெற்ற கார்ல் வொன் ஃபிரிஷின் மாணவர். அவர் 1950களின் நடுவில் இலங்கைக்கு வந்து எங்கள் மூன்று தேனீயின் நடனத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். செரானாவும் பெருந்தேனீயும் செங்குத்தான அடையில் ஆடும். புளோரியா மட்டும் அடையின் தட்டையான மேற்பரப்பில், திறந்த வெளியில், பூ இருக்கிற திசையை நேராகக் காட்டி ஆடும். முதற் கட்டுரை 1956இல் ஜேர்மன் மொழியில் வந்தது, அதைத் தேடி அலைய வேண்டாம், 1961இல் வந்த அவருடைய ஆங்கில நூலில் இந்த விஷயம் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று, ஒரு செயற்றிட்டத்துக்கே தனியாகக் காணும். கோனிகரும் விஜயகுணசேகரவும் 1976இல் ஜேர்னல் ஒஃப் ஏபிகல்சரல் ரிசேர்ச் என்ற சஞ்சிகையில் எழுதிய சின்னக் கட்டுரை. மூன்று இனத்தின் ஆண் தேனீக்களும் ஒரே ஊரில் இருந்துகொண்டு எப்படிக் கலக்காமல் இருக்கின்றன என்பதற்கு, அவை பறக்கிற நேரமே வேறு வேறு என்று காட்டுகிறது. புளோரியா மத்தியானம் 12 தொடக்கம் இரண்டரை மணி வரை, செரானா பின்னேரம் நாலேகால் தொடக்கம் ஐந்தேகால் வரை, பெருந்தேனீ பொழுது பட்ட பிறகு ஆறு மணியிலிருந்து ஆறே முக்கால் வரை. இலங்கையில் பார்த்து எழுதியது. பெட்டித் தேனீ வளர்க்கிற வீடு ஒன்று பக்கத்தில் இருந்தால், பின்னேரம் தள்ளி நின்று வாசலில் பெரிய கண்ணும் கறுத்த உடம்புமாக ஆண் தேனீ எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று குறித்து, கட்டுரையின் நேரத்தோடு ஒப்பிட்டால் உங்கள் செயற்றிட்டத்துக்குச் சொந்தத் தரவும் கிடைத்துவிடும்.

இவையெல்லாம் டவுன் நூலகத்தில் இராது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில்தானே இருக்கிறது, உங்களுக்குக் கூப்பிடு தூரம். அதிபரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு அங்கே நூலகத்தில் போய்க் கேளுங்கள், உள்ளே இருந்து வாசிக்க விட்டால் போதும். மட்டக்களப்புப் பக்கம் யாராவது சொந்தக்காரர் இருந்தால் அதே பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்தில் விசாரிக்கலாம். அப்புறம், எல்லாரும் மறந்துபோகிற ஆள் ஒருவர் இருக்கிறார்: கமநல சேவை நிலையத்துக்கு வந்து போகிற விவசாயப் போதனாசிரியர். திணைக்களத்தின் துண்டுப்பிரசுரம், கைநூல் என்று தமிழில் ஏதாவது வந்திருந்தால் முதலில் தெரிந்திருப்பது அவருக்குத்தான். பண்டாரவளை, பிந்துனுவெவயில் திணைக்களத்துக்கென்று தேனீ அபிவிருத்திப் பிரிவே இருக்கிறது, அவர் மூலமாக அங்கே கேட்கலாம்.

கூகிள் பற்றி: சேர் கூடாது என்றது, முதலில் வருகிற பக்கத்தை அப்படியே இறக்குவதை என்றுதான் நினைக்கிறேன். கூகிள் ஸ்கொலரில் தேடி எடுத்த ஆய்வுக் கட்டுரை ஆய்வுக் கட்டுரைதான், அது திரையில் இருந்தாலென்ன தாளில் இருந்தாலென்ன. ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் என்ற தளத்தில் எங்கள் நாட்டுச் சஞ்சிகைகள் காசில்லாமல் கிடைக்கின்றன. அபிடொலொஜி என்ற தேனீ ஆய்வுச் சஞ்சிகையின் பழைய இதழ்களையும் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு நல்ல கட்டுரை கிடைத்தால் அதன் கடைசிப் பக்கத்துப் பட்டியலை வாசியுங்கள். அடுத்த நாலு கட்டுரை அதற்குள்ளேயே இருக்கும்.

*

கேள்வி: என் மகள் எட்டாம் ஆண்டு. தேனீ ஒப்படையில் "தேனீ அழிந்தால் மனிதன் நான்கு வருடத்தில் அழிவான் என்று ஐன்ஸ்டீன் சொன்னார்" என்று தொடங்கியிருக்கிறாள். உலக உணவில் மூன்றில் ஒரு பங்கு தேனீயால்தான் என்றும் இருக்கிறது. எனக்கு என்னவோ போல் இருக்கிறது, ஆனால் பத்து இணையத்தளத்தில் இருக்கிறதாம். சரிதானா? — ஒரு அம்மா, தம்பலகாமம்

பதில்: உங்களுக்கு என்னவோ போல் இருந்தது சரியான உணர்வுதான் அம்மா. ஐன்ஸ்டீன் 1955இல் காலமானார். அவருடைய எழுத்து, பேச்சு எதிலும் இப்படி ஒரு வசனம் கிடைத்ததில்லை. பத்துத் தளத்தில் இருக்கிறது என்றால் பத்துப் பேர் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் அர்த்தம். அந்த வரியை வெட்டச் சொல்லுங்கள்.

மூன்றில் ஒரு பங்கு விஷயம் வேறு. அதற்கு ஒரு உண்மையான வேர் இருக்கிறது. 2007இல் லண்டன் றோயல் சொசைட்டியின் சஞ்சிகையில் ஒரு ஆய்வு வந்தது. உலகத்தின் முக்கியமான 115 உணவுப் பயிர்களை எடுத்துப் பார்த்து, 87 பயிருக்குப் பூச்சி, பறவை, வௌவால் போன்ற ஏதோ ஒரு பிராணியின் மகரந்தச் சேர்க்கை கூடக்குறையத் தேவைப்படுகிறது என்றார்கள். விளைச்சலின் நிறையாகப் பார்த்தால் 35 வீதம் அந்தப் பயிர்களிலிருந்து வருகிறது. இதில் மூன்று நுணுக்கம் வழியில் உதிர்ந்துவிட்டது: அது தேனீ மட்டும் இல்லை, தேவை என்றால் முழுக்கத் தேவை என்றும் இல்லை, தேனீ போனால் 35 வீத உணவும் போய்விடும் என்று அவர்கள் சொல்லவும் இல்லை. அதே ஆய்வில் உலக விளைச்சலின் 60 வீதம் இந்த உதவி தேவையில்லாத பயிர்களிலிருந்து வருகிறது என்றும் இருக்கிறது. நெல் அதில் ஒன்று. தம்பலகாமத்து வயலில் கதிர் மணி பிடிக்கத் தேனீ வர வேண்டியதில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பூசணிக்கும் வெள்ளரிக்கும்தான் பூச்சி வந்தாக வேண்டும். மகளை இரண்டையும் போய்ப் பார்த்து அந்த வித்தியாசத்தை எழுதச் சொல்லுங்கள், எட்டாம் ஆண்டுக்கு அது தாராளம்.

இன்னும் ஒன்று இருக்கும், பாருங்கள்: தேனீக்கள் திடீரென்று கூட்டைவிட்டு மாயமாகின்றன என்று ஒரு பந்தி. 2006, 2007 அளவில் அமெரிக்காவில் மெல்லிபெராக் கூடுகளுக்கு நடந்தது அது. எங்கள் ஊரில் நடப்பதாக எழுதக்கூடாது.

*

கேள்வி: எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கட்டுரை வாசிக்கிற அளவுக்கு ஆங்கிலம் இல்லை. நீங்கள் சொல்வதெல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழில் மட்டும் தேட வேண்டுமென்றால்? — ஆசிரியை, கிண்ணியா

பதில்: ரீச்சர், நியாயமான கேள்வி. தமிழில் தேடத் தொடங்க எனக்குத் தெரிந்த நல்ல இடம் கலைக்களஞ்சியம். தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 தொடக்கம் 1968 வரை பத்துத் தொகுதியாகக் கொண்டுவந்தது. பழைய நூலகங்களில் உசாத்துணைப் பகுதியின் மேல் தட்டில் தூசியோடு இருக்கும், இல்லாவிட்டால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பக்கம் பக்கமாக வாசிக்கலாம். அந்தக் காலத்து அறிவியல் தமிழ் அவ்வளவு அழகு, பிள்ளைகள் அதற்காகவே ஒரு தடவை வாசிக்க வேண்டும். ஆனால் அறுபது எழுபது வருடம் பழையது என்பதால் இனப்பெயர்களை மட்டும் புதிய நூலோடு சரிபார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்தது நூலகம் என்ற எண்ணிம நூலகம், 2005இலிருந்து இலங்கைத் தமிழ் நூல், சஞ்சிகை, பத்திரிகை எல்லாவற்றையும் வருடி ஏற்றி வருகிறார்கள். அதில் தேனீ என்று மட்டும் போட்டால் அந்தப் பெயரில் வந்த இலக்கியச் சிற்றிதழ் ஏதாவது வந்து நிற்கலாம், சிரிக்க வேண்டாம். விவசாயம், விஞ்ஞானம் என்று பொருள்வாரியாக இறங்கினால் பயன் அதிகம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் தேனீ வளர்ப்பு தமிழிலேயே இருக்கிறது. முன்னால் சொன்ன நாட்காட்டிப் பிரச்சினை அதற்கும் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், கீழே கொடுத்திருக்கிற மேற்கோள்களைத் தேடிப் போவதற்காக.

ஆனாலும் ஆங்கிலத்தை முழுக்க விட்டுவிடாதீர்கள். ஆய்வுக் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரை வாசிக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. சுருக்கம் ஒரு பந்தி, படம், அட்டவணை, அவ்வளவும் போதும். ஆண் தேனீ பறக்கிற நேரக் கட்டுரையைச் சொன்னேனே, அதன் சாரம் மூன்று நேரங்கள்தான். அதை விளங்க ஆங்கிலம் வேண்டியதில்லை, மணிக்கூடு பார்க்கத் தெரிந்தால் சரி. ஆங்கில ரீச்சரையும் கூட்டிக்கொண்டு ஒரே ஒரு பாடவேளை ஒதுக்கினால் ஒரு கட்டுரையைப் பிள்ளைகளோடு முடித்துவிடலாம்.

*

கேள்வி: செயற்றிட்டத்தில் வரலாறு என்று ஒரு பகுதி வேண்டுமாம். எகிப்து, கிரேக்கம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்துக்கு என்று ஏதாவது இருக்கா? — மாணவன், மூதூர்

பதில்: தம்பி, உங்களுக்குக் கிடைத்த மாதிரி யாருக்கும் கிடைக்காது. ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள், வெள்ளைக்காரன் மரம் என்று உங்கள் ஊரில் பெரியவர்கள் சொல்கிற கதை. 1660இல் கொட்டியாரக் குடாவில் கப்பலை நிறுத்தியபோது கண்டி அரசனின் ஆட்கள் தகப்பனோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனார்கள், ஏறக்குறைய இருபது வருடம் திரும்பி வர விடவில்லை. 1679இல் தப்பி மன்னார்ப் பக்கம் அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து, 1681இல் லண்டனில் இலங்கையைப் பற்றிப் புத்தகம் போட்டார். அந்தப் புத்தகத்தில் மிருகம், பூச்சி பற்றிய அத்தியாயத்தில் தேனீக்கு ஒரு பகுதி இருக்கிறது.

மூன்று வகை என்கிறார். ஒன்று இங்கிலாந்துத் தேனீ மாதிரி, மரப் பொந்திலும் புற்று ஓட்டையிலும் இருப்பது. ஆட்கள் வாயால் ஊதுவார்களாம், தேனீ வெளியே பறக்குமாம், கையை விட்டு அடையை எடுப்பார்களாம். இரண்டாவது பெரிது, நிறமும் பளிச்சென்று, மரக் கிளையில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி அடை கட்டுவது, அந்தத் தேனெடுக்க ஊரே திரண்டு காட்டுக்குப் போய்ச் சுமையோடு திரும்புமாம். தீப்பந்தம் பிடித்துத் தேனீயை விழுத்தி, அதையே அவித்துச் சாப்பிடுவார்கள் என்றும் எழுதியிருக்கிறார். மூன்றாவது மிகச் சிறியது. முதலாவது செரானா, இரண்டாவது பெருந்தேனீ, மூன்றாவது கொட்டாத சிறு தேனீ என்று பொருத்திப் பார்க்கலாம். புளோரியாவைக் காணோம்! ஏன் விடுபட்டது என்று உங்கள் குழுவில் ஒரு வாதம் நடத்துங்கள். இதில் ஒரு கவனம் வேண்டும்: ஆளைப் பிடித்தது உங்கள் கடற்கரையில் என்றாலும் அவர் வாழ்ந்து பார்த்தது கண்டி இராச்சியத்து மலைநாட்டில். "17ஆம் நூற்றாண்டில் மூதூரில் தேனீ" என்று தலைப்புப் போட்டுவிடாதீர்கள்.

புத்தகம் பதிப்புரிமை தீர்ந்தது, குட்டன்பேர்க் திட்டத்தின் தளத்தில் முழுதாக இருக்கிறது. பழைய ஆங்கில எழுத்துக்கூட்டல் கொஞ்சம் கண்ணைக் குத்தும். நூலகத்தில் தேடுவதென்றால் தேனீப் பக்கம் போகாமல் இலங்கை வரலாறு இருக்கிற 954.93க்குப் போங்கள். விஞ்ஞான வரலாறும் வேண்டுமென்றால், பிங்கம் 1897இல் பிரிட்டிஷ் இந்தியாவின் குளவிகளையும் தேனீக்களையும் வகைப்படுத்திய தொகுதியில் இலங்கையும் அடக்கம், அது பயோடைவேர்சிட்டி ஹெரிற்றேஜ் லைப்ரரி தளத்தில் படங்களோடு கிடைக்கிறது. ட்ரொப்பிக்கல் அக்ரிகல்சரிஸ்ட் என்ற சஞ்சிகை 1881இலிருந்து கொழும்பில் வந்தது, அதன் பழைய இதழ்களில் அந்தக் காலத்துத் தோட்டக்காரர்கள் தேனீ வளர்ப்பைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்று மேயலாம். மேய்ச்சல் என்றுதான் சொல்கிறேன், நேரம் போவதே தெரியாது, ஆகவே ஒப்படை நாளுக்கு முதல் நாள் இதில் இறங்காதீர்கள்.

*

கேள்வி: என் மாமா காட்டில் தேன் எடுக்கிறவர். புத்தகத்தில் இருப்பதைவிட அவருக்குக் கூடத் தெரியும். அவரை உசாத்துணையாகப் போடலாமா? ரீச்சர் புத்தகம்தான் வேண்டும் என்கிறா. — மாணவன், பன்குளம்

பதில்: போடலாம் தம்பி, ஆனால் புத்தகம் மாதிரிப் போட முடியாது, நேர்காணல் என்று போட வேண்டும். யார், எங்கே, எந்தத் திகதியில் கேட்டது என்று எழுதி, அவர் சம்மதித்தால் மட்டும் பெயரைப் போடுங்கள். கேட்கும்போது "தேனீயைப் பற்றிச் சொல்லுங்கோ மாமா" என்று விட்டால் அவர் பாம்பு, யானை, கரடி எல்லாம் சொல்லி முடிக்கப் பொழுது விடிந்துவிடும். பெருந்தேனீ எந்த மாதம் வந்து அடை போடுகிறது, எந்த மாதம் கிளம்புகிறது, அப்போது காட்டில் என்ன பூ, எந்த மரத்தில் திரும்பத் திரும்ப வருகிறது என்று நறுக்காகக் கேளுங்கள். அவர் தானே கண்டதையும், தன் தகப்பன் சொல்லக் கேட்டதையும் கொப்பியில் இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதுங்கள்.

அப்புறம் ரீச்சரின் புத்தகம். பெருந்தேனீ பருவத்துக்குப் பருவம் இடம் பெயர்கிற தேனீ. அந்த இடப்பெயர்வை இலங்கையிலேயே கவனித்து கோனிகர் தம்பதி 1980இல் ஒரு கட்டுரை எழுதினார்கள், முன்னால் சொன்ன அதே சஞ்சிகையில். மாமா சொன்ன மாதங்களை ஒரு நிரலிலும் கட்டுரையில் இருப்பதை அடுத்த நிரலிலும் போட்டுப் பாருங்கள். பொருந்தினால் நல்லது, பொருந்தாவிட்டால் இன்னும் நல்லது, எழுத உங்களுக்கு ஏதோ கிடைத்துவிட்டது. ரீச்சருக்கும் புத்தகம் வந்துவிட்டது, மாமாவும் உள்ளே இருக்கிறார்.

கூடு இருக்கிற இடத்தை வரைபடத்தில் குறித்துக் காட்சிப்படுத்த வேண்டாம், அது அவருடைய பிழைப்பு. பெருந்தேனீக் கூட்டை நேரில் பார்க்க வேண்டும் என்று நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போகவும் வேண்டாம். ஒன்று கொட்டினால் அந்த மணத்துக்கு மற்றதெல்லாம் திரண்டு வரும், ஓடினாலும் விடாது.

*

கேள்வி: உசாத்துணைப் பட்டியலில் எதை எதை எழுத வேண்டும்? ஒவ்வொரு ரீச்சரும் ஒவ்வொரு மாதிரிச் சொல்கிறார்கள். — பலர்

பதில்: உங்கள் ரீச்சர் சொல்கிற மாதிரியே எழுதுங்கள், புள்ளி தருவது அவர்தான். எந்த முறையாக இருந்தாலும் ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, வெளியீட்டாளர், ஊர், பக்கம் ஆகிய ஆறும் கையில் இருந்தால் மாற்றி அடுக்கிக்கொள்ளலாம். இணையத்தில் எடுத்ததற்குப் பார்த்த திகதி. பிள்ளைகள் வேண்டிய பக்கத்தை மட்டும் போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டு வந்து, கடைசி நாளில் அந்தத் தாள் எந்தப் புத்தகத்தில் எடுத்தது என்று தெரியாமல் முழிப்பதுதான் வழக்கம். முகப்புப் பக்கத்தையும் அதன் மறுபக்கத்தையும் சேர்த்து எடுங்கள், பதிப்பு ஆண்டு அந்த மறுபக்கத்தில்தான் சின்ன எழுத்தில் இருக்கும். இரண்டு தாள் காசு கூடப் போகும், பரவாயில்லை. பகுப்பு எண்ணையும் மூலையில் பென்சிலால் குறித்துவைத்தால், சேர் "அந்தப் புத்தகத்தைக் கொண்டு வா, பார்ப்போம்" என்று சொல்கிற நாளில் நேராக இறாக்கைக்குப் போகலாம்.